நாலாயிரம் வயது எல்ஃப் பாத்திரத்தை நம்பும்படி ஆடுவது எப்படி?

இலைநிழல்:

வணக்கம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டில், ஆர்ஜென்ட் டான் என்ற ஐரோப்பிய சர்வரில் ஆர்பி, அதாவது பாத்திரமாகவே இருந்து நடிக்கும் ரோல்பிளே, ஆடத் தொடங்கியிருக்கிறேன். இதற்கு முன் டன்ஜன், ரெய்டு என்று கூட்டாகச் சண்டை போடுவதைத்தான் ஆடிக்கொண்டிருந்தேன், பாத்திரமாக இருந்து பேசிப் பழக்கமில்லை. ஊர் கோவை. அங்கே ஐரோப்பாவில் இரவு எட்டு மணிக்கு விளையாட்டிலுள்ள விடுதிகளில் கூட்டம் சேரும்போது இங்கே பன்னிரண்டரை ஆகிவிடும், அவர்களுடைய கோடைக்காலத்தில் பதினொன்றரை. அவ்வளவு நேரம் கண்விழித்துப் போனாலும் யாரும் என் பாத்திரத்தோடு நாலு வரிக்கு மேல் பேசுவதில்லை.

பாத்திரத்தைப் பற்றிச் சொல்கிறேன். நைட் எல்ஃப் பெண், வயது நாலாயிரம். சென்டினல் என்ற எல்ஃப் காவல்படையில் இருந்தவள். எல்ஃப்களின் ஊர்கள் இருந்த டெல்ட்ராசில் மரம் எரிந்தபோது குடும்பத்தில் எல்லாரையும் இழந்தவள். பாத்திர விவரத்தை மற்றவர்களுக்குக் காட்டும் டோட்டல் ஆர்பி 3 என்ற ஆட்ஆனில் (துணைநிரலில்) பின்கதையை விரிவாக எழுதி வைத்திருக்கிறேன். பிறப்பு, பயிற்சி, போர்கள், இறந்துபோன காதலன், அவள் எடுத்த சபதம் எல்லாம் இருக்கிறது. விடுதியில் ஜன்னலோரம் நின்று, "அவள் நிலவைப் பார்த்தபடி நிற்கிறாள். கண்களில் ஆயிரமாண்டுச் சோகம்" என்று எமோட் (பாத்திரம் செய்வதைச் சொல்லும் வரி) போடுவேன். யாராவது வந்து நலம் விசாரிப்பார்கள். நான் பதில் சொல்வேன். அவ்வளவுதான், போய்விடுவார்கள்.

எனக்கு இருபத்து மூன்று வயது. நாலாயிரம் வருடம் வாழ்ந்தவள் எதைப் பார்த்துக் கோபப்படுவாள், எதைக் கண்டுகொள்ளமாட்டாள் என்று யோசித்தால் பிடிபடவே மாட்டேன் என்கிறது. ஞானி போலப் பேச வைத்தால் செயற்கையாக இருக்கிறது. சாதாரணமாகப் பேச வைத்தால் எல்ஃப் என்பதே மறந்துபோகிறது. இவளை விட்டுவிட்டு எளிமையான வேறொரு பாத்திரம் ஆரம்பிக்கலாமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ராப்பாடி:

பாத்திரத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். நான் எமோட் எழுதுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் ஆடுவது டிஸ்கார்டில், எழுத்து மட்டுமே உள்ள ஆர்பி. எங்கள் குழு தமிழிலேயே ஆடுகிறது, உலகமும் நாங்களே உண்டாக்கியது.

"கண்களில் ஆயிரமாண்டுச் சோகம்" என்ற வரியைப் படிக்கிறவர் என்ன செய்ய முடியும்? பக்கத்தில் வந்து "என்ன சோகம்?" என்று கேட்கலாம். வேறு வழியே அதில் இல்லை. அதனால்தான் எல்லாரும் அதையே கேட்டுவிட்டுப் போகிறார்கள். எதிராளி தொடக்கூடிய, எடுக்கக்கூடிய, தடுக்கக்கூடிய ஏதாவது ஒன்று வரியில் இருக்க வேண்டும். "ஜன்னல் கொக்கியைத் திறக்கத் தெரியாமல் இழுத்துக்கொண்டிருக்கிறாள்" என்று எழுதிப் பாருங்கள். ஒருவர் உதவிக்கு வருவார், ஒருவர் குளிர்கிறது திறக்காதே என்பார், விடுதிக்காரர் உடைத்துவிடப் போகிறாய் என்று சத்தம் போடுவார்.

சண்டைக்கும் இதே கதைதான். "என் வாள் அவன் தோளில் பாய்ந்தது" என்று எழுதினால் எதிராளியின் உடம்பையும் சேர்த்து நீங்களே ஆடிவிட்டீர்கள். அதைத்தான் காட்மோடிங் என்கிறார்கள். "அவன் தோளைக் குறிவைத்து வாளை வீசினேன்" என்று நிறுத்திவிட்டால் பட்டதா, விலகினானா என்பது அவர் கையில். வார்கிராஃப்டில் ரோல் கட்டளை இருக்கிறது, ஒன்றிலிருந்து நூறுவரை ஓர் எண் விழும். வேண்டுமானால் அதை வைத்துத் தீர்த்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் இரட்டை அடைப்புக்குறிக்குள், அதாவது பாத்திரத்துக்கு வெளியே நின்று, "யார் தோற்கலாம்?" என்று முன்பே பேசிக்கொள்வது நல்லது. தோற்றவருக்குத்தான் அடுத்த வாரம் ஆட நிறைய இருக்கும். கை கட்டு, மருத்துவச் செலவு, பழிவாங்கும் ஆசை என்று எல்லாமே அவர் பக்கம் சேர்ந்துவிடும்.

இன்னொன்று, நீளம். உங்கள் விளையாட்டில் ஒரு செய்திக்கு 255 எழுத்துகள்தான். நீளமானதை வெட்டி வெட்டி அனுப்ப ஆட்ஆன்கள் உண்டு. ஆனாலும் நெரிசலான விடுதியில் ஒருவர் நாலு துண்டு எழுதி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். 1978-இல் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய மட் என்ற, பலர் சேர்ந்தாடும் கணினி விளையாட்டில் படமே கிடையாது, வெறும் எழுத்துதான். அந்த வழியில் வந்த எங்களுக்குச் சின்ன வரியின் அருமை நன்றாகத் தெரியும்.

---

கல்தச்சன்மகள்:

இலைநிழல், பாத்திரத்தை விட்டுவிடாதீர்கள். அவளுக்கு நாலாயிரம் வருடத்துக்குக் கதை இருக்கிறது, இன்றைக்கு ஒரு வேலையும் இல்லை. யாரிடமும் எதுவும் கேட்க வேண்டிய தேவை அவளுக்கு இல்லாததால் மற்றவர்களுக்கும் அவளிடம் நிற்க வேலை இல்லை. நான் பார்த்தவரை நம்பகம் என்பது இந்த இடத்தில்தான் பிறக்கிறது. பாத்திரத்துக்கு இன்று இரவு என்ன வேண்டும், அது யாரிடம் இருக்கிறது?

நானும் அதே சர்வரில்தான் ஆடுகிறேன். என் பாத்திரம் மனிதர்களின் தலைநகரான ஸ்டார்ம்விண்டில் ஒரு கல்தச்சரின் மகள். மனிதப் பெண், முப்பத்தைந்தைத் தாண்டியவள், மந்திரம் தெரியாது, வாள் பிடிக்கத் தெரியாது. அவளை நான் எடுத்தது அந்த உலகத்தின் பழைய வரலாற்றிலிருந்து. முதல் போரில் ஓர்க்குகள் ஸ்டார்ம்விண்டை அழித்தார்கள். பின்னால் நகரத்தைத் திரும்பக் கட்டியது எட்வின் வான்க்ளீஃப் தலைமையிலான கல்தச்சர் சங்கம். கட்டி முடித்ததும் பிரபுக்கள் கூலி தர மறுத்தார்கள். கலவரம் வந்தது, அரசி டிஃபின் அதில் இறந்தாள். வான்க்ளீஃப் தன் ஆட்களோடு வெளியேறி டிஃபியாஸ் கூட்டத்தை உண்டாக்கினான். மனிதப் பாத்திரத்தில் தொடங்கிய எல்லாரும் சிவப்புத் துணியால் முகத்தை மூடிய அந்த ஆட்களை வெஸ்ட்ஃபாலில் வெட்டித்தான் லெவல் ஏறியிருப்போம். அவர்களில் பலர் ஒரு காலத்தில் கொத்தனார், கல்தச்சர். அவர்களுக்கும் வீடு, பிள்ளைகள் இருந்திருக்கும். என் பாத்திரம் அங்கிருந்து வந்தவள்.

அவளுடைய அப்பா வான்க்ளீஃபோடு போகவில்லை. நகரத்திலேயே தங்கிவிட்டார். போனவர்கள் கண்ணில் அவர் துரோகி. பிரபுக்களுக்கோ அவர் மேல் கடைசிவரை சந்தேகம். இதில் ஒரு வரிகூட அவளுடைய புரொஃபைலில் கிடையாது. அங்கே எழுதியிருப்பது: தலைமுடியில் கல்தூசி, இடுப்பில் தோல்பை, பைக்குள் உளிகள், இடது கட்டைவிரல் நகம் கறுத்திருக்கிறது. தெருவில் எதிரே வருகிறவர் கண்ணுக்கு எது தெரியுமோ அது மட்டும்.

நான் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். பள்ளிக்கூடம் போகிற வழி முழுக்கச் சிற்பப் பட்டறைகள். கருங்கல்லில் அடிக்கிற உளி சீக்கிரம் மழுங்கும். உலையில் காய்ச்சி, நுனியைத் தட்டிக் கூராக்கி, தண்ணீரில் தோய்த்து எடுத்தால்தான் மறுபடி வேலைக்கு ஆகும். அதை அப்படியே இவளுக்குக் கொடுத்தேன். மாலையானால் மழுங்கிய உளிகளை எடுத்துக்கொண்டு ஸ்டார்ம்விண்டின் ட்வார்ஃப் வட்டாரத்து உலைக்களத்துக்கு நடந்து போவாள். விளையாட்டில் உண்மையாகவே அங்கே உலைகள் இருக்கின்றன. போகிற வழியில் கால்வாய்ப் பாலத்தில் யாராவது மறித்துப் பேசுவார்கள். உலைக்களத்தில் ட்வார்ஃப் கொல்லனாக ஆடுகிற ஒருவர் பழக்கமானார். கடனுக்கு உளி தட்டித் தருவாரா மாட்டாரா என்பதையே ஒரு மாலை முழுக்க ஆடியிருக்கிறோம், எனக்கு அது எந்த ரெய்டையும்விடப் பிடித்திருந்தது.

வேலைக்கும் அவளுக்குப் பஞ்சமில்லை. 2010-இல் வந்த கேடக்ளிசம் விரிவாக்கத்தில் டெத்விங் என்ற டிராகன் நகரத்தின் பூங்கா வட்டாரத்தையே சிதைத்துவிட்டது. கட்ட ஆள் வேண்டியிருந்தது. இந்த முறை கூலி யார் தருவார்கள் என்ற கேள்வி அவள் மனதில் எப்போதும் ஓடும். அதனால் அவளுக்கு ஒரு பழக்கம் வைத்தேன்: பாதிக் கூலியை முன்பணமாக வாங்காமல் கல்லைத் தொடமாட்டாள். காரணம் சொல்லமாட்டாள்.

ஒரு நாள் பிரபுவாக ஆடுகிற ஒருவர் நினைவுக்கல் கேட்டு வந்தார். ஆங்கிலத்தில் ஆடியதை இங்கே தமிழில் தருகிறேன்.

பிரபு: "என் தம்பிக்கு ஒரு நினைவுக்கல் வேண்டும். வேலை முடிந்ததும் மாளிகைக்கு வா, கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம்."

அளவுக்கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் வைக்கிறாள். "பாதி இப்போது, பிரபுவே."

பிரபு: "என் வாக்கு போதாதா உனக்கு?"

மேசையில் அவர் முன்னால் இருந்த கோப்பையை இரண்டு விரலால் ஓரமாக நகர்த்துகிறாள். காசு வைக்க இடம் ஆகிறது.

அதோடு நிறுத்திவிட்டேன். எதிரே ஆடியவருக்கு அந்த நகரத்தின் வரலாறு தெரியும். கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. அப்புறம் அவருடைய பிரபு குரலைத் தாழ்த்தி, "நீ யாருடைய மகள்?" என்று கேட்டான். அங்கிருந்து ஒரு குளிர்காலம் முழுக்க எங்களுக்குக் கதை ஓடியது. பின்கதையை நான் சொல்லியிருந்தால் அவர் "பாவம்" என்று எழுதிவிட்டு நகர்ந்திருப்பார். அவரே தோண்டி எடுத்ததால் அந்தக் கதையில் அவருக்கும் பங்கு வந்துவிட்டது.

இனி உங்கள் எல்ஃப். நாலாயிரம் வயது என்றதும் எல்லாம் தெரிந்தவள் என்று நினைத்துவிடுகிறோம். நைட் எல்ஃப்கள் கலிம்டோர் காடுகளில் ஒதுங்கி வாழ்ந்தவர்கள். மூன்றாம் போரில் ஜெய்னா என்ற மனிதத் தலைவியின் ஆட்கள் கடல் தாண்டி வரும்வரை பெரும்பாலானவர்கள் மனிதரையே பார்த்ததில்லை. உங்கள் பெண்ணுக்குக் காட்டைப் பற்றி நாலாயிரம் வருடம் தெரியும், ஸ்டார்ம்விண்டைப் பற்றிச் சில வருடம்தான் தெரியும். எந்த மரப்பட்டை எதற்கு ஆகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். வாடகை என்றால் என்ன, ஒரே வீட்டுக்கு மாதாமாதம் ஏன் திரும்பத் திரும்பக் காசு கேட்கிறார்கள் என்பது புரியாது. ஞானத்தை ஆட முயலாதீர்கள், அது நம்மிடம் இல்லை. தெரியாமையை ஆடுங்கள், அது நம் எல்லாரிடமும் இருக்கிறது.

அவர்கள் இரவில் விழித்திருக்கும் இனம் என்பதையும் மறக்க வேண்டாம். கடைகள் திறந்திருக்கும் நேரத்தில் அவளுக்குத் தூக்கம், அவள் எழும் நேரத்தில் கடைகள் மூடியிருக்கும். இந்த ஒன்றை வைத்தே எத்தனையோ காட்சி வரும்.

அப்புறம், வயதைக் காட்ட ஓர் எளிய வழி: தலைமுறைகளைக் குழப்ப விடுங்கள். ஓர் இளம் மாலுமியைப் பார்த்து, "கால் சரியாகிவிட்டதா?" என்று கேட்கட்டும். "அது என் அப்பாவுக்கு" என்று அவன் சொல்லட்டும். மனிதர் ஒரு தலைமுறை தாண்டுவது அவளுக்குப் போன வாரம் போல. இதை ஒரு மாலைக்கு ஒரு தடவைக்கு மேல் செய்ய வேண்டாம்.

கடைசியாக ஒரு கேள்வி. இதற்கு நீங்கள் சொல்லும் பதிலில்தான் அவள் இருக்கிறாள் என்று நினைக்கிறேன். 2023-இல் புது உலக மரம் அமிர்ட்ராசில் வந்துவிட்டது. பெலமெத் என்ற ஊரும் வந்துவிட்டது. எல்ஃப்களுக்கு மறுபடி வீடு கிடைத்துவிட்டது. இவள் மட்டும் ஏன் இன்னும் ஸ்டார்ம்விண்ட் விடுதியில் நிற்கிறாள்?

---

வன்னிக்காற்று:

கல்தச்சன்மகள் அக்கா சொன்ன கடைசிக் கேள்வி என்னை நிறுத்திவிட்டது. நான் கனடாவில் இருக்கிறேன், ஆடுவது அமெரிக்கப் பக்கம், மூன் கார்ட் சர்வரில். 2018-இல் எதிரணித் தலைவி சில்வானஸ் டெல்ட்ராசிலைக் கொளுத்தின கதை வந்தபிறகு அங்கே அகதி எல்ஃப்கள் நிறையப் பேர் வந்தார்கள். பாதிப்பேர் தீயைப் பற்றியே கதைத்தார்கள். அந்த அலறல், புகை, சாம்பல். எனக்கு அவர்களோடு அதிக நேரம் நிற்க முடியவில்லை.

எங்கள் அம்மம்மா இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் டொராண்டோவுக்கு வந்து சேர்ந்தவர். சண்டை நடந்ததைப் பற்றி அவர் வாயால் நான் கேட்டது மிகக் குறைவு. புதிதாக ஒரு தமிழ்ச் சனத்தைக் கண்டால் போதும், "எந்த ஊர்? எந்தப் பக்கம்? ஆருடைய பிள்ளை?" என்று மூன்று கேள்வி வரும். சொல்லும் பதிலில் தெரிந்த பேர் ஒன்று விழுந்துவிட்டால் பிறகு அந்தாளை வீட்டுக்குப் போக விடமாட்டார். தெரிந்த குடும்பத்தில் ஆர் எங்கே இருக்கினம், ஆரைப் பற்றித் தகவல் இல்லை என்று ஒரு கணக்கு அவர் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

உங்கள் எல்ஃபும் அதைத்தான் செய்வாள் என்று நினைக்கிறேன். இன்னொரு நைட் எல்ஃப் விடுதிக்குள் வந்தால் நிலவைப் பார்க்கமாட்டாள். எழுந்து போய், "டோலனாரா? டார்னாஸஸா? கோயில் பக்கமா, மரத்தின் மற்றப் பக்கமா?" என்று கேட்பாள். ஆர் வெளியே வந்தது, எந்த வழியில் என்று கேட்பாள். இதில் இன்னொரு நன்மை: அந்த மற்ற எல்ஃபை ஆடுபவருக்குத் தன் பாத்திரத்தின் அயலவர்களை அந்த இடத்திலேயே கற்பனை செய்ய வாய்ப்பு கிடைக்கும். நீங்கள் இருவரும் சேர்ந்து எரிந்துபோன ஊர் ஒன்றைத் திரும்பக் கட்டுவீர்கள்.

குடும்பம் முழுவதையும் கொன்றுவிட்டீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஒருவரையாவது தப்ப வைக்கலாமே. செத்தவர்களுக்காக அழத்தான் முடியும். உயிரோடு இருக்கும் ஒருவருக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டும், மருந்து வாங்க வேண்டும், பொய் சொல்ல வேண்டும், சண்டை பிடிக்க வேண்டும். கதை அங்கேதான் நடக்கும்.

---

சிங்கக்கொடி:

நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன். கல்தச்சன்மகள் ஆடுவதை நேரில் பார்த்திருக்கிறேன், அருமையாக ஆடுவார், மறுக்கவில்லை. ஆனால் எல்லாரும் உளி தட்டவும் ரொட்டி சுடவும் போய்விட்டால் அந்த உலகத்தில் வீரம் எங்கே இருக்கும்? பகல் முழுக்கச் சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். இரவில் நான் தேடுவது கணக்கு பார்க்காத ஒருவனை. என் பாத்திரம் காவற்படைத் தலைவன். எங்கள் கில்டில் (ஆட்டக்காரர் குழுவில்) ரோந்து உண்டு, அணிவகுப்பு உண்டு, எல்வின் காட்டில் கொள்ளைக்காரர் துரத்தல் உண்டு. நாலாயிரம் வயதுப் போர்வீராங்கனையை ரொட்டிக் கடை வாசலில் நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை. அவள் வில்லை எடுக்கட்டும். பெரிய ஆசையோடு ஒருவர் வரும்போது அதைச் சின்னதாக்கு என்று சொல்லக்கூடாது.

---

கல்தச்சன்மகள்:

சிங்கக்கொடி, உங்கள் தலைவனை நானும் பார்த்திருக்கிறேன், அவனை எனக்கு ஏன் பிடிக்கும் தெரியுமா? ரோந்து கிளம்பும் முன் ஒவ்வொரு வீரனின் செருப்பு வாரையும் குனிந்து பார்ப்பான். புதுப் பையன் ஒருவன் வார் அறுந்து விழுந்து அடிபட்ட பழைய சம்பவம் ஒன்று அவனுக்கு இருக்கிறது, அதை அவன் யாரிடமும் சொல்வதில்லை, நீங்களும் எழுதியதில்லை, ஆனால் உங்கள் கில்டில் எல்லாருக்கும் தெரியும். அந்தக் குனிதல் இருப்பதால்தான் அவன் வாளை உருவும்போது நம்ப முடிகிறது.

நான் சின்னதாக்கச் சொல்லவில்லை. அவள் வில் எடுக்கட்டும், படை நடத்தட்டும், டிராகன்மேல் பறக்கட்டும். பறந்து இறங்கியபின் அவளுக்குப் பசிக்கும் அல்லவா, அந்தப் பசியையும் ஆடுங்கள் என்கிறேன். வெஸ்ட்ஃபாலில் சால்டீன் பண்ணையில் கழுகு இறைச்சியும் வெண்டைக்காயும் போட்டு ஒரு குழம்பு வைக்கிறார்கள். பெரிய போர்களையெல்லாம் உருவாக்கிய அதே விளையாட்டு வடிவமைப்பாளர்கள்தான் யோசித்து அந்த வெண்டைக்காயையும் அங்கே வைத்திருக்கிறார்கள். அந்த உலகம் நம் மனதில் நிற்பதற்கு வான்க்ளீஃப் எவ்வளவு காரணமோ அந்தக் குழம்பும் அவ்வளவு காரணம்.

வீரர்களை ஆடுபவர்களிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: அவனுக்கு எதைச் செய்ய முடியாது என்று தெரிந்திருக்க வேண்டும். வாள்வீச்சில் சூரன், சரி. எழுதப் படிக்கத் தெரியாது என்று வைத்தால், மடலைப் படித்துக் காட்ட இன்னொருவர் தேவை. அந்த இன்னொருவர் படித்துக் காட்டுவது உண்மைதானா என்ற பயமும் கூடவே வரும்.

---

இலைநிழல்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வன்னிக்காற்று அண்ணா எழுதியதைப் படித்து வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவள் ஏன் இன்னும் ஸ்டார்ம்விண்டில் இருக்கிறாள் என்பதற்கு ஒரு பதில் கிடைத்திருக்கிறது. அவளுடைய அம்மாவைத் தப்ப வைத்துவிட்டேன். அம்மாவுக்குப் புது மரத்துக்குப் போக மனமில்லை, மறுபடி ஒரு மரத்தின்மேல் படுத்துத் தூங்கமாட்டேன் என்கிறாள். அதனால் மகளும் ஓல்டு டவுனில் ஒரு சின்ன அறையில் அவளோடு இருக்கிறாள். மூன்றாம் போருக்குப் பிறகு எங்கள் இனம் சாகாவரத்தை இழந்துவிட்டது அல்லவா, அம்மாவுக்கு இப்போது படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது. மகள் தன் நாலாயிரம் வருடத்தில் வயதாவதைப் பார்த்ததே இல்லை. அதைப் பற்றி அவளுக்குச் சொல்லித்தர எல்ஃப்களில் யாரும் இல்லை. மனிதக் கிழவிகளிடம்தான் கேட்க வேண்டும்.

முதல் எமோட் இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"நெடிய எல்ஃப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி விடுதிக்குள் நுழைகிறாள். தாயின் வேதனையை எண்ணி அவள் நெஞ்சம் கனக்கிறது. அங்கிருந்த வயதான பெண்ணிடம் சென்று, முழங்கால் வலிக்கு என்ன மருந்து என்று கேட்கிறாள்."

---

கல்தச்சன்மகள்:

இலைநிழல், இதைப் படித்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். நாலாயிரம் வயதுக்காரி அறுபது வயதுக்காரியிடம் முதுமையைப் பற்றிப் பாடம் கேட்க வருகிறாள்! எத்தனை பேர் எத்தனை மாதம் ஆடினாலும் தீராது இது.

எமோட்டில் இரண்டு திருத்தம். "நெஞ்சம் கனக்கிறது" என்பதை எடுத்துவிடுங்கள். எதிரே உள்ளவருக்கு அவள் நெஞ்சு தெரியாது, தெரிந்தால் அவருக்குக் கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சாது. அம்மாவையும் முதல் வரியிலேயே சொல்ல வேண்டாம். அவள் வலியைப் பற்றி நேரடியாகக் கேட்பாளா என்றும் யோசியுங்கள். போர்வீராங்கனை, கேட்டுப் பழக்கமில்லாதவள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"எல்ஃப் பெண் ஒருத்தி கணப்பருகே உள்ள கிழவியின் எதிரில் வந்து நிற்கிறாள். கிழவி முழங்காலில் சுற்றியிருக்கும் கம்பளித் துணியையே பார்க்கிறாள். 'அது எதற்கு?'"

இவ்வளவு போதும். கிழவியை ஆடுபவர் எரிந்து விழலாம், சிரிக்கலாம், உட்கார் என்று சொல்லலாம். எதைச் செய்தாலும் உங்களுக்கு அடுத்த வரி தானாக வரும்.

கிழவிக்கு ஆள் தேட வேண்டாம். பிக் அண்ட் விசில் விடுதியில் சனிக்கிழமைகளில் ஒரு பாட்டி இருப்பார், ஆடுபவர் எனக்குப் பழக்கம், நன்றாகத் திட்டுவார்.

---

ராப்பாடி:

அருமை. ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். அம்மாவின் வலி, இடப்பெயர்வு போன்றவற்றை ஆடும்போது சில சமயம் நம் வீட்டு நினைவுகள் வந்து அழுத்தும். அப்படி ஆனால் இரட்டை அடைப்புக்குறி போட்டு "இன்றைக்கு இங்கே நிறுத்திக்கொள்வோமா?" என்று கேட்கத் தயங்காதீர்கள். நல்ல கூட்டாளி யாரும் காரணம் கேட்கமாட்டார். அதேபோல் பாட்டி உங்கள் பாத்திரத்தைத் திட்டினால் ஆடுபவர் உங்களைத் திட்டுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் அவருக்கு ஒரு வார்த்தை நன்றி எழுதிவிடுங்கள், அடுத்த வாரமும் வருவார்.

---

இலைநிழல்:

கண்டிப்பாக. கடைசியாக ஒரு சந்தேகம். டோட்டல் ஆர்பியில் எழுதி வைத்திருக்கும் நீண்ட பின்கதையை என்ன செய்ய? அழித்துவிடவா?

---

கல்தச்சன்மகள்:

அழிக்காதீர்கள், உங்கள் கணினியில் ஒரு கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போர்களும் காதலனும் சபதமும் அங்கே இருக்கட்டும். யாராவது தோண்டும்போது வேண்டியது வேண்டிய அளவுக்கு அதிலிருந்து வரும். புரொஃபைலில் உடல்தோற்றம் மட்டும் சில வரிகள். முதல் பார்வை என்று ஐந்து சின்னப் படங்கள் வைக்க இடம் இருக்கிறதே, அதில் மூன்று போதும்: பகலில் எழுந்த தூக்கக் கண், மனிதர் தைத்த, கை நீளம் போதாத சட்டை, இடுப்பில் இன்னும் கழற்றாத சென்டினல் ஊதுகொம்பு. "தற்போது" பகுதியில் அன்றைய தேவை ஒரே வரியில், தினமும் மாற்றி எழுதுங்கள். சனிக்கிழமைக்கு இப்படிப் போடலாம்: "கையில் காலிக் கூடை. கணப்பருகே உட்கார்ந்திருக்கும் வயதானவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்."

நம் ஊர்க் கணக்கில் நள்ளிரவு தாண்டித்தான் கூட்டம் சேரும், சாயங்காலம் ஒரு தூக்கம் போட்டுவிட்டு வாருங்கள். என் பெண்ணும் அன்று உளி வாங்கிக்கொண்டு அந்த வழியாகத்தான் திரும்புவாள்.